கேட்டுவிட்டுப் போடுங்கள்

வெள்ளிக்கிழமை ஃபேஸ்புக்கில் ஒரு அக்கா, வேறொருவர் பிள்ளையின் பிறந்தநாள் படத்தைக் கேட்காமல் போட்டிருந்தார். அதற்குக் கீழே நடந்ததை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் அம்மா எழுதியது ஒரே வரி: "அக்கா, தயவுசெஞ்சு இந்தப் படத்த எடுத்துடுங்க." அதற்கு வந்த பதில்கள்? "ரொம்ப ஓவர்." "நாங்கல்லாம் பிள்ளை வளக்கலையா?" "அவ்வளவு பயம்னா எதுக்கு ஃபேஸ்புக்ல இருக்கணும்?"

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அடுத்தவர் முகத்தைப் போடும் முன் கேளுங்கள். பிள்ளையின் முகம் என்றால் அப்பா அம்மாவைக் கேளுங்கள். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது என்றால் பிள்ளையையும் கேளுங்கள்.

அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள். பள்ளிச் சீருடை, சட்டையில் சின்னம், பக்கத்தில் பெயர்ப்பட்டை. பின்னால் சுவரில் அடுக்குமாடி வீட்டின் புளோக் எண். கேக்கில் வயது. பதிவில் தேதி. படிக்கும் பள்ளி, பெயர், வீடு, பிறந்தநாள், வயது எல்லாம் ஒரே படத்தில். அதுவும் 'பப்ளிக்'கில். அந்த அம்மா எதைக் கண்டு பயந்தார் என்று இன்னும் விளக்க வேண்டுமா?

"நான் ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும்தான் போடுறேன்" என்பவர்களுக்கு: ஒருவரை டேக் செய்ததும், அதாவது அவர் பெயரைப் படத்தோடு இணைத்ததும், வழக்கமான அமைப்பில் அவருடைய நண்பர்களுக்கும் அந்தப் பதிவு தெரியும். உங்கள் பட்டியலில் 300 பேர், அவர் பட்டியலில் 900 பேர் என்றால் 1,200 பேர் வரை போகலாம். அதில் எத்தனை பேரை உங்களுக்கு முகம் பார்த்துத் தெரியும்? டேக் செய்யப்பட்டவர் தன்னை டேக் செய்த பதிவுகளைப் பார்த்து அனுமதிக்கும் அமைப்பை வைத்திருந்தாலும் அது அவருடைய சொந்தப் பக்கத்தில் வருவதை மட்டும்தான் நிறுத்தும். டேக்கை நீக்கினால் பெயர்தான் போகும், படம் போகாது. படத்தை எடுக்கப் போட்டவராலோ ஃபேஸ்புக்காலோதான் முடியும். அதனால்தான் அந்த அம்மா கெஞ்ச வேண்டியிருந்தது.

"ஊர்ல இருக்கற பாட்டி பேரப்பிள்ளைய எப்படிப் பாப்பாங்க?" இது நியாயமான கேள்வி. தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பாட்டிக்கு அந்தப் படம் ஒரு மாதத்துக்குப் போதும். பாட்டிக்கு அனுப்புங்கள், தாராளமாக அனுப்புங்கள். ஐந்தாறு பேர் மட்டும் உள்ள வாட்ஸ்அப் குழு போதும். ஃபேஸ்புக்கில்தான் வேண்டும் என்றால் யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'ஸ்பெசிஃபிக் ஃப்ரெண்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பெயர்களைக் குறியுங்கள். டேக் மட்டும் வேண்டாம். வாட்ஸ்அப்பிலும் தவறான குழுவில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் சேர்த்து அழிக்க இரண்டரை நாள்தான் அவகாசம். அதற்குள் யாராவது தங்கள் கைப்பேசியில் சேமித்திருந்தால் அது அங்கேயே இருக்கும்.

"அந்தக் காலத்துல வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஆல்பம் காட்டலையா?" காட்டினோம். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் நகல் எடுத்துக்கொண்டு போகவில்லை.

"சட்டத்துல தப்பு இல்லையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். நீங்களும் நானும் சொந்த, குடும்ப விஷயமாகப் போடும் படத்துக்கு அது பொருந்தாது. சரிதான். அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு இருக்கும் பாதுகாப்பு நம் நாகரிகம் மட்டும்தானே? சட்டம் சொன்னால்தான் அக்கா தங்கையின் பேச்சைக் கேட்பாரா?

சட்டம் பேசியவர்கள் இதையும் பார்த்திருக்கலாம். அதே பதிவில் ஒருவர் அந்த அம்மா எங்கே வேலை செய்கிறார் என்று எழுதி, "அங்கயும் இப்படித்தானா?" என்று கேட்டிருந்தார். ஒருவரை அலைக்கழிக்கும் நோக்கத்தில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம். அவர் எழுதியதற்கு 23 பேர் சிரிப்புக்குறி போட்டிருந்தார்கள். அதில் சில பெயர்கள் எனக்கு மிகவும் வேண்டியவர்களுடையவை. அதுதான் வலிக்கிறது. தேக்கா கடைத்தெருவில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிப்பவர்கள், திரைக்குப் பின்னால் ஏன் இப்படி ஆகிவிடுகிறோம்?

இன்றிரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் பக்கத்தில் மூன்று புள்ளியை அழுத்தி 'வியூ ஆஸ்' போய்ப் பாருங்கள். அந்நியருக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று காட்டும். பிறகு செட்டிங்ஸில் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' அழுத்தினால், பொதுவில் கிடக்கும் பழைய பதிவுகள் மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாறும். ஆனால் டேக் செய்தவை அவர்களுடைய நண்பர்களுக்கு அப்போதும் தெரியலாம். அவற்றை 'ஆக்டிவிட்டி லாக்'கில் தேடிப் பார்க்க வேண்டும். குப்பைக்கு அனுப்பியவை 30 நாளில் அழிந்துவிடும். அழிக்க மனமில்லாதவற்றை 'ஆர்க்கைவ்' செய்யுங்கள், உங்களுக்கு மட்டும் தெரியும். அடுத்தவர் பிள்ளைகளின் படங்களில் தொடங்குங்கள். தைப்பூசத்தில் பால்குடம் எடுத்த பிள்ளைகள், பள்ளி விழாவில் ஆடிய பிள்ளைகள், எல்லாரும் அங்கே இருப்பார்கள்.

"இதுக்குப் போய் இவ்வளவு பெரிய பதிவா" என்று எழுதப் போகிறவர்கள் எழுதுங்கள். அந்த அம்மா எழுதியது ஒரே வரி. அதை யாரும் கேட்கவில்லை.

இன்று காலை பார்த்தேன். டேக்கை மட்டும் எடுத்திருக்கிறார்கள். படம் அங்கேயே இருக்கிறது. பெயர்ப்பட்டையைப் பெரிதாக்கினால் இன்னும் படிக்க முடிகிறது.