வலையை விட வெள்ளை டப்பாதான் முக்கியம்

பிள்ளைகளைக் குளத்துப் பூச்சி பார்க்கக் கூட்டிப் போகணும்னதும் பலர் வலை வாங்க ஓடுகிறார்கள். டீ வடிகட்டியை ஒரு குச்சியில் கட்டினாலே வலை தயார். அதைவிட அவசியம், அகலமான வெள்ளை டப்பா. பழைய ஐஸ்கிரீம் டப்பா போதும். சேற்று நிறப் பூச்சி வெள்ளையில்தான் கண்ணில் படும்.

முதலில் டப்பாவில் இரண்டு விரற்கடை குளத்துத் தண்ணீர் எடுத்து நிழலில் வையுங்கள். நடுக்குளத்துக்குப் போக வேண்டியதே இல்லை. கரையோரப் பாசியிலும் கோரைத் தண்டுகளுக்கு நடுவிலும்தான் கூட்டம். அடிச்சேற்றைச் சுரண்டினால் டப்பா டீ மாதிரி கலங்கிவிடும். அது தெளிவதற்குள் பிள்ளைகள் கல் எறியப் போய்விடுவார்கள். சேறு வந்தால் வடிகட்டியைக் குளத்திலேயே இரண்டு முறை அலசிவிட்டு டப்பாவில் கவிழ்த்துங்கள்.

பிறகு இரண்டு நிமிடம் யாரும் தொடக்கூடாது. முதலில் வெறும் குப்பைதான். அப்புறம் குப்பையில் ஒரு துண்டு மட்டும் நடக்கும். தட்டானின் இளம்பூச்சி! ஸ்பூனால் லேசாகத் தொட்டால், பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி முன்னால் பாயும். வாலில் மூன்று இலை போல இருந்தால் அது ஊசித்தட்டான். அந்த இலைகள் செவுள்கள். தட்டான் இளம்பூச்சியைத் தலைப்பிரட்டையோடு ஒரே டப்பாவில் விட்டால், மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சடக்கென நீட்டிப் பிடித்துத் தின்றுவிடும். பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும் என்பது என் கட்சி. அழுகிற பிள்ளை இருந்தால் தனி டப்பா. முதுகு நிறைய முட்டை சுமந்து தட்டையாக ஒரு பூச்சி வந்தால், அது அம்மா இல்லை, அப்பா. கையில் எடுக்காதீர்கள், சுருக்கென்று குத்தும்.

பார்த்தவுடன் "பேர் என்ன, எழுது" என்று நோட்டை நீட்டும் பெரியவர்கள் தயவுசெய்து கொஞ்சம் தள்ளி உட்காரவும்.

ஜேசிபி வைத்து வண்டல் அள்ளிய குளம் வேண்டவே வேண்டாம். இரண்டடி தள்ளி ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். காலில் புண் உள்ளவர் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரலாம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவணும்.

இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். "ஒண்ணே ஒண்ணு வீட்டுக்கு" என்று கெஞ்சுவார்கள். பாட்டில் தண்ணீர் பஸ்ஸிலேயே சூடாகி, ஆக்சிஜன் குறைந்து தலைப்பிரட்டை செத்துவிடும். பதிலுக்குக் கோரைத் தண்டில், தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தேடச் சொல்லுங்கள். முதுகு பிளந்த காய்ந்த கூடு ஒட்டியிருக்கும், கால் நகம்கூட அப்படியே. தட்டான் கழற்றிப் போட்ட சட்டை அது. ஒரு தீப்பெட்டியில் பத்திரமாகப் போகும்.