டாங்கி காங்: எழுத்துப்பிழையில் பிறந்த பெயரா?

'மங்கி காங்' என்றுதான் பெயர் வைத்தார்களாம். ஃபேக்ஸில் முதல் எழுத்து மங்கிப்போய் 'டாங்கி' ஆகிவிட்டதாம். ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 1981இல் வெளியிட்ட 'டாங்கி காங்' என்ற ஆர்கேட் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம்) விளையாட்டைப் பற்றிச் சுற்றிவரும் கதை இது. கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் பொய்.

அதை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ பேட்டிகளில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். 'காங்' என்றால் பெருங்குரங்கு. அது மந்தமான, பிடிவாதக்காரக் குரங்கு என்று தோன்றவேண்டும் என்பதற்காக அவர் தேடிப்பிடித்த சொல்தான் 'டாங்கி', அதாவது கழுதை. அமெரிக்கக் கிளையில் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். அப்படியும் அவர் மாற்றவில்லை.

உண்மையான பிழை வேண்டுமென்றால் ஆட்டத்துக்குள் ஒன்று இருக்கிறது. உருண்டுவரும் பீப்பாய்களைத் தாண்டி, ஏணியேறி 22ஆம் லெவலை எட்டும் கில்லாடிகளுக்கு மட்டுமே அது தெரியும். ஒவ்வொரு லெவலுக்குமான நேரத்தை, லெவல் எண்ணோடு 4 கூட்டி 10ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறது நிரல். 22க்கு 260 வரும். ஆனால் கணினி நினைவகத்தின் ஒரு சிறு அலகான பைட்டில் 255க்கு மேல் அடங்காது; 256 வந்தால் மறுபடி 0 ஆகிவிடும். மிஞ்சுவது வெறும் 4. சில நொடிகளில் நேரம் தீர்ந்து, மேலே ஏறி முடிக்கும் முன்பே நாயகன் சுருண்டு விழுவான். விளையாடுபவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, பாவம்!