எங்க தோட்டத்து பொண்ணுங்களும் அட் மேத்ஸும்

பொண்ணுங்களுக்கு கணக்கு புடிக்காது, அதான் இன்ஜினியரிங் பக்கம் வர்றதில்லன்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க, எனக்கு மனசு கேக்கல. பல நாட்டு 15 வயசுப் புள்ளைங்களுக்கு வெக்கிற பீசா (PISA) தேர்வுல, 2012ல நம்ம மலேசியாவுல பொண்ணுங்கதான் பையன்களவிட கணக்குல கூட எடுத்தாங்க. அமெரிக்காவுல மிங்-டே வாங், ஜாக்குலின் எக்லஸ்ங்கற உளவியல் ஆய்வாளருங்க குழு 2013ல போட்ட ஆய்வுல கணக்கு, மொழி ரெண்டுமே நல்லா வர்றவங்கதான் அறிவியல், இன்ஜினியரிங் இல்லாத வேற துறைக்கு அதிகமா போறாங்க, அந்தக் கூட்டத்துல பொண்ணுங்க ஜாஸ்தின்னு இருக்கு, அதாவது அவங்களுக்கு வழி நெறைய.

ஆனா பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் எங்க ரப்பர் தோட்டத்துல வழியே கொறைச்சல். என் தங்கச்சி அஞ்சாம் படிவ எஸ்பிஎம் தேர்வுல அட் மேத்ஸ்ல, அதாவது கூடுதல் கணக்குப் பாடத்துல, ஏ எடுத்தா, டியூஷனுக்கு டவுனுக்கு போய் ராத்திரி திரும்புறதுக்கே வீட்டுல சண்டை, நான்தான் மோட்டார்ல கொண்டுபோய் விட்டு கூட்டிட்டு வருவேன், அப்புறம் அவ ஆக்சுவரி (இன்சூரன்ஸ் மாதிரி கம்பெனிக்கு வரக்கூடிய நஷ்டத்த கணக்கு போட்டுச் சொல்ற வேலை) படிக்கணும்னு கேட்டப்ப அது என்ன வேலைன்னு பால்மரம் வெட்டுற அம்மாவுக்கும் தெரியல எனக்கும் தெரியல, பள்ளிக்கூடத்துலயும் சரியா சொல்ல ஆளில்ல, பொம்பளபுள்ளைக்கு டீச்சர் வேலைதான் பாதுகாப்புன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து முடிச்சிட்டாங்க. தோட்டத்துலேர்ந்து படிச்சு போன ஒரு அக்கா வந்து ஒரு மணி நேரம் பேசியிருந்தா போதும்ங்க! இப்போ அவ தமிழ்ப்பள்ளியில கணக்கு டீச்சர், ஆக்சுவரின்னா என்னன்னு ஆறாம் ஆண்டு புள்ளைங்களுக்கு போர்டுல எழுதி சொல்லிக்குடுக்குறா.