அம்மா சுமந்த எரிவாயு

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா பல வருசம் உரம் போட்டார். இடுப்பில் வாளி, கையில் மங்கு. செம்பனை மரத்தைச் சுற்றி யூரியாவை வீசிக்கொண்டே போவார். வியர்த்த கையில் ஒட்டினால் சில்லென்று இருக்கும் என்பார். யூரியா தண்ணீரில் கரையும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால்தான்.

அந்த வெள்ளை மணிகளுக்கு மூலப்பொருள் கடலடி எரிவாயு என்பது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில், யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் யூரியா ஆலை ஒன்று பக்கத்து ஊரான குருணிலேயே இருக்கிறது. எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அதை நீராவியோடு சூடாக்கி ஹைட்ரஜனைப் பிரிப்பார்கள். காற்றில் உள்ள நைட்ரஜனோடு அது சேர்ந்தால் அம்மோனியா. அம்மோனியாவோடு கரியமில வாயு சேர்ந்தால் யூரியா.

இதே மீத்தேனை டீசலாகவும் மாற்றலாம். 1920களில் ஜெர்மனியில் ஃபிஷரும் டிராப்ஷும் கண்ட வழி அது. முதலில் மீத்தேனை ஆக்சிஜனோடு சேர்த்துக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக மாற்றுவார்கள். அவற்றை உலோக வினையூக்கியின் மேல் செலுத்தினால் நீண்ட மெழுகுச் சங்கிலிகள் உருவாகும். அந்தச் சங்கிலிகளை உடைத்தால் கந்தகம் அறவே இல்லாத டீசல். சரவாக்கின் பிந்துலுவில் ஷெல் 1993இல் இதற்கென்றே ஆலை தொடங்கியது.

1997 புகைமூட்டம் ஞாபகம் இருக்கிறதா? எதிர் லயம்கூடத் தெரியாது. அதே காட்டுத்தீப் புகைதான் பிந்துலு ஆலையையும் வெடிக்க வைத்தது. ஆக்சிஜன் பிரிக்க உறிஞ்சிய காற்றோடு புகைத்துகள்கள் உள்ளே போய்ப் படிந்து, கிறிஸ்மஸ் அன்று வெடித்தது. 2000இல்தான் மறுபடி இயங்கியது. எங்கோ எரிந்த காடு எங்கள் நெஞ்சையும் அடைத்தது, அந்த ஆலையையும் உடைத்தது.

என் கருத்தைச் சொல்கிறேன். எரிவாயுவை டீசலாக்குவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஆற்றல் வழியிலேயே போய்விடுகிறது. மிச்சத்தையும் லாரியில் ஊற்றி எரிக்கத்தான் போகிறோம். உரம், மெத்தனால், மெழுகு என்று பொருளாக்குவதற்கே முதலிடம் தர வேண்டும். பூமிக்கடியில் இருப்பது ஒருமுறைதான் வரும். அப்புறம், இந்த ஆலைகளில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பொறியாளராக நிற்க வேண்டும். ஆறாம் ஆண்டிலேயே குருணுக்கு ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டலாமே. வேதியியல் என்றால் பயந்து ஒதுங்குவது பாதி குறையும்.

போன வாரம் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ நான் வாளியில சுமந்தது காத்தா?" என்றார். மூட்டையில் 46 என்று போட்டிருக்குமே, அது நூற்றுக்கு எவ்வளவு நைட்ரஜன் என்ற அளவு.

"ஆமாம்மா, கிட்டத்தட்ட பாதி காத்துதான்."

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.