க்ரூ பையில் ஏன் சைக்கிள் என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் ஹோட்டலிலிருந்து ஏர்போர்ட் போகும் வேனில் சீனியர் ஒருவர் கேட்டார். "ஏம்மா, வேலைக்கு வர்றியா, இல்ல டூருக்கு வர்றியா? சைக்கிளை எல்லாம் யாராவது ஃப்ளைட்ல தூக்கிட்டு வருவாங்களா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை, நானும் அங்கே எதுவும் சொல்லவில்லை, வேனில் எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். ஆனால் இதே கேள்வியை மூன்று வருடமாக ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள், அதனால் ஒரே தடவையாக விரிவாக எழுதிவிடுகிறேன்.

நான் ஒன்பது வருடமாகக் கேபின் க்ரூ, அதாவது விமானப் பணிப்பெண். பேஸ், அதாவது ஃப்ளைட் கிளம்பித் திரும்பி வருகிற ஊர், வளைகுடாவில். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் வேலை என்றால் ஊர் ஊராகச் சுற்றுவது. உண்மையில் முதல் ஆறு வருடம் நான் பார்த்தது ஹோட்டல் அறைகளைத்தான். இறங்கினால் வேன், வேனிலிருந்து அறை, திரையை இழுத்து மூடிவிட்டுத் தூக்கம், எழுந்தால் மணி என்ன என்று உடம்புக்குத் தெரியாது, பசிக்கிறதா என்றும் தெரியாது, ரூம் சர்வீஸ் விலையைப் பார்த்துவிட்டு பெட்டியிலிருந்து கப் நூடுல்ஸை எடுத்துக் கெட்டிலில் வெந்நீர் போட்டுச் சாப்பிடுவது, பிறகு மறுபடி படுப்பது. லேஓவரில், அதாவது அடுத்த ஃப்ளைட் வரை வெளியூரில் தங்கும்போது, கொடுக்கும் ஹோட்டல் பெரும்பாலும் ஊருக்கு நடுவில் இருக்காது, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும். டாக்ஸி எடுத்தால் அன்றைய அலவன்ஸில் பாதி போய்விடும். நடந்தால் அரை மணி நேரத்தில் பார்க்கக் கிடைப்பது ஒரு பெட்ரோல் பங்க். பெண் பிள்ளை தனியாக, தெரியாத ஊரில், மொழி தெரியாமல் எங்கே நடப்பது என்ற தயக்கம் வேறு.

நரிட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ லேஓவர் என்று வீட்டில் சொல்லுவோம், ஆனால் நாங்கள் தங்குவது நரிட்டாவில், டோக்கியோ அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். எத்தனையோ தடவை போயிருக்கிறேன், கோயில் தெருவுக்கு ஒரு முறை கூட்டமாகப் போய்க் கடை வாசலிலேயே விலாங்கு மீனை அறுத்துச் சுடுவதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்ததோடு சரி. சைக்கிளோடு முதல் முறை போனது ஒரு மே மாதம். ஹோட்டலை விட்டுப் பத்து நிமிஷம் மிதித்திருப்பேன், சாலை சரிந்து இறங்கியது, இரண்டு பக்கமும் வயல். அப்போதுதான் நட்டிருந்தார்கள். நாற்று விரல் நீளம்தான் இருந்தது, மீதியெல்லாம் தண்ணீர், அந்தத் தண்ணீரில் வானம் அப்படியே கிடந்தது. தவளைச் சத்தம். நான் புதுக்கோட்டைக்காரி, கண்மாய்த் தண்ணீரை நம்பி விவசாயம் செய்த குடும்பம், எனக்கு அந்தச் சேற்று வாசம் போதும். சைக்கிளை வரப்போரமாக நிறுத்திவிட்டு நின்றேன். ஒரு விமானம் இறங்க வந்தது. மேலே பார்க்கவில்லை, கீழே பார்த்தேன், நாற்றுக்கு நடுவே தண்ணீரில் அதன் வயிறு நகர்ந்து போனது. எத்தனை தடவை நானே க்ரூ உட்காரும் ஜம்ப் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து அந்த வயல்மேல் இறங்கியிருப்பேன்! கீழே வயல் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

அதன் பிறகுதான் அந்த விமான நிலையத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 1966-இல் இடம் அறிவித்ததிலிருந்து விவசாயிகள் நிலம் தரமாட்டோம் என்று போராடியிருக்கிறார்கள், போலீஸ்காரர்களும் போராட்டக்காரர்களும் உயிரிழந்திருக்கிறார்கள், 1978-இல்தான் திறக்க முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் கடைசிவரை நகராமல் ஓடுபாதைகளுக்கு இடையிலேயே பயிர் செய்தவர்கள் இருந்தார்கள். அங்கே வாராவாரம் போய்வருகிற எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். நிறையப் பேர் இன்பாக்ஸில் கேட்கிறீர்கள் எது வாங்கலாம் என்று. நான் முதலில் வாங்கியது 20 இஞ்ச் சக்கரம் வைத்த மடிப்பு சைக்கிள், பழையது, விலை மலிவு. ஓட்ட நன்றாக இருக்கும், ஆனால் மடித்தாலும் பெரிது. விமானப் பெட்டிக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும் என்பது. அது 180-ஐத் தொட்டது. வேனில் பின்னால் வைத்தால் மற்றவர்கள் பெட்டிக்கு இடம் இல்லை, டிரைவர் முகம் சுளிப்பார், நானும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆறு மாதத்தில் விற்றுவிட்டேன்.

இப்போது இருப்பது பிராம்ப்டன், அதுவும் இரண்டாம் கைதான், புதிது வாங்க என் சம்பளத்தில் முடியாது. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் 1970-களில் தன் ஃபிளாட்டில் உட்கார்ந்து வடிவமைத்தது, ஜன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே வைத்துவிட்டார். மடித்தால் சுமார் 58, 56, 27 சென்டிமீட்டர், கூட்டினால் 142 கூட வராது. எடை பன்னிரண்டு கிலோவுக்குள். பின் சக்கரத்தை அடியில் தள்ளு, முன் பாதியைத் திருப்பி அதன் பக்கத்தில் மாட்டு, ஹேண்டில்பாரை இறக்கு, சீட்டை அமுக்கு, அவ்வளவுதான், பழகிவிட்டால் இருபது விநாடி. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது, மடித்த பிறகு செயின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும். கிரீஸ் வெளியே வராது. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு தூக்குகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

லோடர்கள் பெட்டியை எப்படிப் போடுவார்கள் என்று நமக்குத் தெரியுமே, அதனால் இரண்டு மடிப்பிலும் இருக்கிற கிளாம்ப் திருகுகளைக் கழற்றித் தனியாக ஒரு பையில் போட்டுவிடுவேன், இல்லையென்றால் அதுதான் முதலில் உடையும். சுற்றிலும் பழைய போர்வை. டயரில் காற்றை முழுக்க இறக்கிவிடச் சொல்லுவார்கள், மேலே போனால் வெடித்துவிடும் என்று. பெட்டிகள் போகிற கார்கோ ஹோல்டிலும் கேபினில் இருக்கும் அதே அழுத்தம்தான், 8000 அடி உயரத்துக் காற்று மாதிரி, டயருக்கு நாலு பிஎஸ்ஐ வித்தியாசம்கூட வராது. ஆனாலும் சொன்னால் பாதி இறக்கிவிடுங்கள், கவுன்டரில் நின்று வாதாட வேண்டாம். பேட்டரி சைக்கிளை மட்டும் யோசிக்கவே யோசிக்காதீர்கள். லித்தியம் பேட்டரி 100 வாட்-மணி வரைதான் சாதாரணமாக ஏற்றலாம், நிறுவனத்தின் அனுமதியோடு 160 வரை, இ-சைக்கிள் பேட்டரி பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். இதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, தீப்பிடித்த பேட்டரியை எப்படி அணைப்பது என்று வருடா வருடம் பயிற்சி எடுக்கிறவர்கள் நாம்.

ஊருக்கு ஊர் வழக்கமும் மாறும். ஜப்பானில் ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் சைக்கிள் முழுதாகப் பைக்குள் இருக்க வேண்டும், ஒரு சக்கரம் வெளியே தெரிந்தாலும் ஆகாது. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் மடித்த அளவு 120, 70, 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எந்த நேரமும் விடுவார்கள், அதை விடவும் சாங்கி விமான நிலையத்திலிருந்தே சைக்கிள் பாதை கிளம்பி ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் போய்ச் சேர்கிறது, வழியில் டைனோசர் சிலைகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள், கடற்கரை ஓரமாகவே போய்க்கொண்டே இருக்கலாம். ஆம்ஸ்டர்டாம் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே ஸ்கிபோல் விமான நிலையமே கடல் மட்டத்துக்குக் கீழே மூன்று மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடம், அங்கிருந்து காட்டு வழியாக நகரத்துக்குள் சைக்கிளிலேயே போய்விடலாம்.

நம்மில் பலர் தூக்கம் வரவில்லை என்று மாத்திரைக்குப் போகிறோம், அதைத்தான் முக்கியமாகப் பேச வேண்டும். உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தைத் திருத்துவது முதலில் வெளிச்சம்தான். வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள், ஹோட்டல் அறை விளக்கு இருநூறு முந்நூறு லக்ஸ் இருக்கும், மேகம் மூடிய நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ். ஆனால் எந்த நேரத்து வெளிச்சம் என்பதைப் பார்க்க வேண்டும். நரிட்டாவில் காலை 6 மணி என்றால் என் உடம்புக்கு நடுராத்திரி 1 மணி. அப்போது எழுந்து சைக்கிள் ஓட்டினால் கெடுதல்தான். நான் அங்கே பத்து மணிக்கு முன் கிளம்ப மாட்டேன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவும் மாட்டேன், வேன் பிக்கப்புக்கு முன் இன்னொரு தூக்கம் கட்டாயம். குறைந்தபட்ச ஓய்வு மட்டுமே கிடைக்கிற மினிமம் ரெஸ்ட் லேஓவர் என்றால் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவேன். இப்படி வைத்துக்கொண்ட பிறகு மாத்திரை இல்லாமல் தூங்குகிறேன். வேறு யாருக்கு எப்படியோ, எனக்கு நடந்தது இது.

எதிர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். ஐம்பது சீட்டுக்கு ஒரு க்ரூ என்ற கணக்கில், வெளியூரில் ஒருத்தி குறைந்தாலும் பயணிகளை இறக்கிவிட வேண்டி வரலாம், இல்லை ஃப்ளைட் தாமதமாகும். அந்தப் பொறுப்பு எனக்குத் தெரியும். ஆம்ஸ்டர்டாமில் ஒரு மழை நாளில் டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தேன், சின்னச் சக்கரம் பள்ளத்தில் இறங்கிப் பிடித்துக்கொண்டது, சாய்ந்தே விழுந்தேன். முழங்கால் தோல் உரிந்தது. அன்றைக்கே க்ரூவுக்குப் பொறுப்பான பர்ஸரிடம் மறைக்காமல் சொன்னேன், மறுநாள் வேலை செய்ய முடிந்தது, ஆனால் அந்த இரவு முழுக்க, இன்னும் கொஞ்சம் பலமாக விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டு கிடந்தேன். இப்போது மழையென்றால் எடுப்பதில்லை, ஹெல்மெட் இல்லாமல் ஏறுவதில்லை, தண்டவாளம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோல்ஃப் பையோடு வருகிறவர்களை யாரும் கேட்பதில்லை. பனிச்சறுக்குக்குப் போகிறவர்களைக் கேட்பதில்லை. பெட்டி நிறையப் பால்பவுடரும் சாக்லேட்டும் வாங்கி வருகிறவர்களைக் கேட்பதில்லை. பன்னிரண்டு கிலோ சைக்கிள் மட்டும் ஏன் கண்ணை உறுத்துகிறது?

நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 158 சென்டிமீட்டருக்குள் மடங்குகிற சைக்கிளைக் க்ரூவின் இரண்டாவது பெட்டியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்தில் போடுங்கள். இப்போது ஒவ்வொரு தடவையும் அன்றைக்கு யார் டியூட்டியோ அவர் மனசைப் பொறுத்து இருக்கிறது. எந்த லேஓவரில் எடுக்கலாம், எதில் கூடாது என்று விதி போட்டாலும் சரி, கட்டுப்படுகிறேன்.

அம்மாவிடம் முதல் முறை வீடியோ காலில் நரிட்டா வயலைக் காட்டியபோது வயலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இம்புட்டுக்காண்டு சைக்கிள் உன்னைய தாங்குமா ஆத்தா?" என்று கேட்டாள். அம்மா சைக்கிள் கற்றது கல்யாணத்துக்கு அப்புறம். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள், எங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படித்தான் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைத்தது, பார் வைத்த ஆம்பளை சைக்கிள்தான். அந்தப் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக்கொண்டுதான் அம்மா சந்தைக்குப் போவாள். 2009-இல் பிளஸ் ஒன்னில் எனக்கு அரசாங்க சைக்கிள் வந்தபோது அதை முதலில் ஓட்டிப் பார்த்ததும் அம்மாதான். அப்போது ஊரில் அம்மாவைப் பார்த்துக் கேட்ட கேள்வியும் இதே மாதிரிதான் இருந்ததாம், பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள் என்று.

அடுத்த வாரம் மறுபடி நரிட்டா, ரோஸ்டரில் வந்துவிட்டது, முழுசாக ஒரு பகல் கிடைக்கும். மே பாதி ஆகிவிட்டது, நட்டு முடித்திருப்பார்கள். பின் டயர் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, அதற்குள் மாற்ற வேண்டும். வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன், இந்த சைக்கிளுக்கு 16 இஞ்ச் என்று மட்டும் கேட்டால் குழந்தைகள் சைக்கிள் டயரைக் கொடுத்துவிடுவார்கள், அது டயர் உட்காரும் ரிம் விட்டம் 305 மில்லிமீட்டர், பொருந்தவே பொருந்தாது. 349 என்று கேட்டு வாங்குங்கள்.