ட்ரோபோனின் ஒருமுறை நார்மல் என்றால் போதாது

‘நெஞ்சு வலித்தது, காட்பாடி லேப்பில் ட்ரோபோனின் ரத்தச் சோதனை நார்மல், அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி? அட்டாக்கே வந்திருந்தாலும் ஸ்டெம் செல் ஊசியில் இதயம் புதுசாகிவிடும்’ என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். (ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்.) இரண்டுமே தப்பு, முதலாவது ஆபத்தும்கூட.

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். ஆனால் சோதனையில் தெரியும் அளவுக்கு ஏறச் சில மணி நேரம்கூட ஆகலாம். குடியாத்தத்தில் ஏழு மணிக்கு நெஞ்சு அடைத்து, எட்டு மணிக்கே ரத்தம் கொடுத்தால் நார்மல் என்று வரலாம். அதனால்தான் ஈசிஜி எடுத்து, இடைவெளி விட்டு மறுபடியும் ரத்தம் எடுத்து, அளவு ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். கூடியிருந்தாலும் உடனே அட்டாக் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரகக் கோளாறிலும் இதயத் தசை அழற்சியிலும்கூட அது கூடும்.

ஊசி விஷயம்? மனித இதயத் தசைச் செல்கள் இளவயதிலேயே ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான் புதுப்பிக்கப்படுகின்றன என்று செல்களின் வயதைக் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரிமத்தை வைத்துக் கணக்கிட்ட 2009 ஆய்வு காட்டியது. வரிக்குதிரை மீனுக்கு இதயம் திரும்ப வளரும், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இதயத்துக்கு ஸ்டெம் செல் என்பது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையில்தான்.

நெஞ்சு வலித்தால் லேப்பைத் தேடாதீர்கள். 108ஐக் கூப்பிட்டு நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.