முடி கொட்டாது, சரி, சீப்பு வேண்டாமா?

மேலே ஒரு அண்ணன், டாய் பூடில் என்கிற சுருள்முடி உள்ள சின்ன நாய் இனத்தைப் பற்றி, "டாய் பூடிலுக்கு முடியே கொட்டாது, சீப்பு எடுக்கிற வேலையே இல்லை, அலர்ஜி இருக்கிற வீட்டிலும் தைரியமாக வளர்க்கலாம்" என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி அண்ணே.

கொட்டுவது குறைவுதான். ஆனால் உதிர்கிற முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மிச்ச முடியோ நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். எங்கள் வீட்டுக் குட்டிக்கு ஒரு வாரம் சீவாமல் விட்டோம். மேலே தடவினால் மெத்தென்றுதான் இருந்தது. காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தால் தோலை ஒட்டி ஒரே சிக்கு. கடைசியில் மழித்துத்தான் எடுத்தோம், பாவம், கோழிக்குஞ்சு மாதிரி ஆகிவிட்டது. தினமும் அடிமுடிவரை சீவ வேண்டும், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

அலர்ஜிக்குக் காரணம் முடி இல்லை. எச்சில், தோல் செதில், சிறுநீர் இவற்றில் இருக்கும் புரதம்தான். அது இல்லாத நாயே கிடையாது. வாங்கும் முன் இரண்டு மூன்று முறை அந்த நாயோடு உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம் நம்ம மதுரை வெயில். அக்னி நட்சத்திர சமயத்தில் சாயங்காலம் தெப்பக்குளம் பக்கம் நடத்திக் கூட்டிப்போகும் முன், தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

டாய் பூடிலைவிடச் சின்னது, 'டீக்கப் பூடில்' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்கிற கென்னல் கிளப் பட்டியலில் அப்படி ஒரு வகையே இல்லை.